சேர்வராயன் மலையில் ஒரு ஜீப்பைத் தேடி

ஜனவரி 18, 2024, வியாழன் – சேலம்

சீலநாயக்கன்பட்டியில் பேருந்தை விட்டு இறங்கியபோது காலை ஒன்பதரை மணி இருக்கும். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் என்பதால் பட்டறைகளில் பாதி இன்னும் திறக்கப்படவில்லை. திறந்திருந்தவற்றின் வாசலில் வாடிய மாவிலைத் தோரணமும் கரும்புச் சக்கையும் கிடந்தன. நாங்கள் தேடி வந்தது முன் அச்சுக்கும் விசை போகின்ற, உண்மையான ஃபோர் வீல் ஜீப். அது ஓடாமல் நின்றாலும், இருக்கை கிழிந்திருந்தாலும் எனக்குக் குறையில்லை. சேஸிஸ் எனும் அடிச்சட்டம் உறுதியாகவும், கியர்ப் பெட்டிக்குப் பின்னால் நின்று இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் அச்சும் முழுமையாகவும், ஆர்.சி. புத்தகம் சரியாகவும் இருந்தால் போதும். மீதியை ஓராண்டோ ஈராண்டோ எடுத்துக்கொண்டு நானே கழற்றிப் பூட்டிச் சீர்செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. என் தந்தை பொதுப்பணித் துறையில் ஜீப் ஓட்டுநராக இருந்தவர். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த ஆண்டுகளில் அவர் ஓட்டிய ஜீப்பின் பின்பலகையில், மணல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கரையோரம் போயிருக்கிறேன். சக்கரம் சேற்றில் புதையும்போது அவர் கியர்க் கம்பிக்குப் பக்கத்திலிருந்த சிறு கம்பியைத் தள்ளுவதும், வண்டி ஒருமுறை முனகிவிட்டு மேலேறி வந்துவிடுவதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஈராண்டுகளாகத் தேடிவிட்டேன். அங்கே கிடைத்தவை பெரும்பாலும் ஊர்வலத்துக்கென்று அலங்கரிக்கப்பட்ட வண்டிகள். நாகப்பட்டினம் பக்கம் பார்த்த இரண்டு வண்டிகளில் உப்புக்காற்று சேஸிஸை உள்ளிருந்தே அரித்திருந்தது; சுத்தியலால் தட்டினால் இரும்பின் ஓசை எழாமல் தகர டப்பாவின் ஓசை எழுந்தது. சேலம் கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர். தலைக்கு மேலே காப்பித் தோட்டங்கள் நிறைந்த சேர்வராயன் மலை இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் ஜீப் வேலைக்கான வண்டியாகவே இன்னும் ஓடுகிறது. ஆகவே இங்கே வந்தோம். துணைக்கு வந்தவர் திருச்சி அரியமங்கலத்தில் முப்பது ஆண்டுகளாக லேத்துப் பட்டறை நடத்துபவர். அவரை நான் அண்ணன் என்று அழைப்பதால் இந்தக் குறிப்புகளிலும் அப்படியே சொல்கிறேன்.

முதல் வண்டியைக் கொண்டலாம்பட்டியைத் தாண்டி ஒரு காலி மனையில் நிறுத்தியிருந்தார்கள். பளபளக்கும் கறுப்பு வண்ணம், அகன்ற புதிய டயர்கள், முன்னால் விஞ்ச் மாட்டும் இரும்புச் சட்டம் என்று பார்வைக்கு எல்லாம் இருந்தன. விலை 4,10,000 ரூபாய். வண்டியைக் காட்டிய இளைஞர் ஃபோர் வீல்தான் என்று உறுதியாகச் சொல்லி, கியர்க் கம்பியின் பக்கத்தில் நின்ற இரண்டு சிறு கம்பிகளையும் தொட்டுக் காட்டினார். அண்ணன் ஒன்றும் பேசாமல் ஒரு சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். சற்று நேரத்தில் என்னையும் உள்ளே வரச் சொன்னார்.

டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகவேண்டிய சுழல்தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் அங்கே இல்லை. முன் அச்சின் இடத்தில், விசையைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் பல்சக்கரங்களான கிரவுனும் பினியனும் அடங்கிய கூண்டே கிடையாது. வெறும் தண்டு ஒன்றுதான் சக்கரங்களைத் தாங்கி நின்றது. இருக்கைக்குப் பக்கத்திலிருந்த சிறு கம்பிகளின் அடிப்பகுதி ஒரு தகட்டோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. அதாவது அவை எதையும் இயக்குவதில்லை. சமவெளியில் ஓடும் பல பழைய ஜீப்புகளுக்கு நேர்வது இதுதான் என்று அண்ணன் சொன்னார். முன் அச்சின் உதிரிகள் தேய்ந்ததும், அவற்றை மாற்றும் செலவுக்கும் கூடுதலாகக் குடிக்கும் டீசலுக்கும் அஞ்சி உரிமையாளர் அந்த அச்சை முழுவதுமாகக் கழற்றி விற்றுவிடுவார்; சில ஆண்டுகள் கழித்து வாங்குபவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

அந்த இளைஞரிடம் மெதுவாக எடுத்துச் சொன்னோம். அவர் வாதாடவில்லை. தாமும் சாக்கின்மேல் படுத்து எட்டிப் பார்த்தார். எழுந்தவர் முகம் வாடியிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன்பு அவரும் ஃபோர் வீல் என்று நம்பித்தான் வாங்கினாராம். எங்களை விடாமல் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய், காசு கொடுக்க முற்பட்ட அண்ணனின் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். அவருக்காக வருந்தினேன். வண்டியை உருமாற்றியவர் வேறு யாரோ. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அவ்வண்டியை இப்போது வைத்திருப்பவர் தகுதி ஆய்வுக்குப் போகும்போது பதில் சொல்லவேண்டியவர் ஆகிவிடுகிறார்.

பிற்பகலில் மேலும் மூன்று வண்டிகளைப் பார்த்தோம். இரண்டு தொடக்கத்திலிருந்தே பின்சக்கர விசை மட்டும் உள்ளவை. மூன்றாவது வண்டியின் உரிமையாளர் ஊரில் இல்லை. மாலையில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நடந்து, தள்ளுவண்டி ஒன்றில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு சிறு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய காரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்து, காரச் சட்டினியும் புதினாச் சட்டினியும் தடவித் தருகிறார்கள். ஒரு செட் 30 ரூபாய். கடைக்கார அம்மா நாங்கள் வெளியூர் என்று கண்டுகொண்டு, காரத்தைக் குறைத்து ஒன்றும் அப்படியே ஒன்றும் செய்து கொடுத்து, எது பிடிக்கிறதோ அதையே அடுத்ததாகக் கேட்கும்படி சொன்னார். அண்ணன் காரமானதையே நான்கு செட் வாங்கினார்.

ஜனவரி 19, 2024, வெள்ளி – சங்ககிரி சாலை

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. தைப்பூசத்துக்கு ஆறு நாள்களே இருந்ததால் சாலையோரம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாரிசாரியாக நடந்துகொண்டிருந்தார்கள். ஆங்காங்கே பந்தலிட்டு அவர்களுக்கு நீர்மோரும் பொங்கலும் கொடுத்தார்கள். எங்கள் கையில் ஸ்பேனர் பையைப் பார்த்தும்கூட ஒரு பந்தலில் எங்களையும் உட்காரவைத்து இலை போட்டார்கள். நாங்கள் நடப்பவர்கள் அல்லர் என்று சொன்னபோது, பசிப்பவர்கள்தானே என்று ஒருவர் சாம்பார் வாளியைச் சாய்த்தார்.

சங்ககிரி லாரிகளின் ஊர். லாரி நிற்கும் ஊரில் உதிரிப் பாகமும் பட்டறையும் காயலான் கடையும் சேர்ந்தே இருக்கும். ஜீப் கிடைக்காவிட்டாலும் எதிர்காலத்தில் வேண்டிய உதிரிகள் எங்கே கிடைக்கும் என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று அண்ணன் சொன்னதால் அந்த வழியே போனோம். ஒரு காயலான் கடையின் பின்புறத்தில் ஆமணக்குச் செடிகளுக்கு நடுவே ஒரு ஜோங்கா கிடந்தது. எனக்கு உடல் சிலிர்த்தது. நிஸ்ஸான் பேட்ரோல் வண்டியின் உரிமத்தில் ஜபல்பூர் படைக்கலத் தொழிற்சாலை இராணுவத்துக்காகச் செய்த வண்டி அது. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்டு கன் கேரியேஜ் அசெம்பிளி என்ற பெயரின் முதலெழுத்துகளே ஜோங்கா ஆயின. ஆறு உருளைகள் கொண்ட, நான்கு லிட்டருக்குச் சற்றே குறைந்த பெட்ரோல் இன்ஜின். இந்த வண்டியில் இன்ஜினே இல்லை. அந்த இடத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் எடைக்கு வாங்கியதாகவும், ஆவணம் ஏதும் இல்லை என்றும் நேராகவே சொன்னார். ஆவணம் இல்லாத வண்டியை எவ்வளவு செலவழித்துச் சீர்செய்தாலும் வீட்டு வாசலைத் தாண்டி எடுக்க முடியாது. சிறிது நேரம் அதன் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவரே ஒரு மாருதி ஜிப்ஸி இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பினார். 1985 டிசம்பரில் வெளிவந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இராணுவமும் காவல்துறையும் வனத்துறையும் நம்பிய வண்டி ஜிப்ஸி. தொடக்கத்தில் 970 சி.சி. இன்ஜின்; பின்னர் கிங் என்ற பெயரில் வந்தவற்றில் 1,298 சி.சி. நாங்கள் பார்த்தது கிங் வகை. எடை குறைவு, எந்த மூலையிலும் திரும்பும், முன் அச்சும் முழுமையாக இருந்தது. கேட்ட விலை 3,60,000 ரூபாய். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்ப் பெட்டியோடு ஒட்டாமல் தனியே ரப்பர் தாங்கிகளில் தொங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட் விசையைக் கொண்டுபோகும். அந்த ரப்பர்கள் இற்றுப்போயிருந்ததால் பெட்டி கையால் அசைத்தாலே ஆடியது. அதை மாற்றுவது எளிது. பின்சக்கரங்களுக்கு மேலே சேஸிஸ் வளையும் இடத்தில்தான் சிக்கல் இருந்தது: கறுப்புப் பூச்சுக்கு அடியில் பட்டி தடவி மறைத்த துரு. அண்ணன் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினார். அது முக்கால் அங்குலம் உள்ளே போய் நின்றது.

அதை உற்றுப் பார்ப்பதற்காக நான் இன்னும் உள்ளே நகர்ந்தபோது, டிரான்ஸ்ஃபர் கேஸின் வடிகால் திருகில் என் தோள் இடித்தது. திருகு ஏற்கெனவே தளர்ந்திருந்ததால் பழைய கியர் ஆயில் அப்படியே கழுத்திலும் சட்டையிலும் கொட்டியது. அந்த நாற்றத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். நான் வண்டி உரிமையாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் வீட்டிலிருந்து அவருடைய தாயார் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் இன்னொன்றில் அரப்புத் தூளும் கொண்டுவந்து, கிணற்றடியைக் காட்டினார். முதலில் எண்ணெயைத் தேய்த்துக் கறையை இளக்கி, பிறகு அரப்பு போட்டுக் கழுவச் சொன்னார். ஏறக்குறைய முழுவதும் போயிற்று. மகனுடைய பழைய சட்டை ஒன்றையும் கொடுத்தார். திருப்பிக் கொடுப்பது எப்படி என்று கேட்டதற்கு, அது வயலுக்குப் போடும் சட்டைதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வண்டியைப் பற்றி அந்த வீட்டில் அதற்குமேல் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அண்ணன் கிளம்புமுன் அந்த இளைஞரைத் தனியே அழைத்து, சேஸிஸின் அந்த வளைவைச் சீர்செய்யாமல் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்ட வேண்டாம் என்று அடியில் கைகாட்டி விளக்கினார்.

ஜனவரி 20, 2024, சனி – ஏற்காடு

காலை ஏழு மணிப் பேருந்தில் மலையேறினோம். அடிவாரம் தாண்டியதும் சன்னல்களை இழுத்து மூடத் தொடங்கினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. பதினொன்றாம் வளைவுக்கு மேல் மூடுபனி வந்து சாலையை விழுங்கியது. இறங்கி வந்த சுற்றுலாக் கார் ஒன்று நடுச்சாலையில் வந்துவிட, எங்கள் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணாடி வழியே கையை நீட்டி, முதல் கியரில் இறங்கும்படி விரலால் காட்டினார். பிரேக் மிதித்தே மலையிறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இறங்கும் வண்டியை இன்ஜினே பிடித்து நிறுத்த வேண்டும். அந்தக் காரில் இருந்தவர் தலையசைத்துப் புரிந்துகொண்டது பனிக்குள்ளும் தெரிந்தது.

ஒண்டிக்கடையில் இறங்கியபோது பற்கள் தாளம் போட்டன. தேநீர் 15 ரூபாய். அந்தச் சந்திப்பில் பத்து நிமிடம் நின்றாலே போதும், ஜீப் இம்மலைக்கு எப்படிப்பட்ட பொருள் என்பது விளங்கிவிடும். ஒன்றில் காப்பி மூட்டை, ஒன்றில் பள்ளிப் பிள்ளைகள், ஒன்றில் சமையல் எரிவாயு உருளைகள், இன்னொன்றில் பிரசவத்துக்குப் போகிற பெண்ணும் அவருடைய மாமியாரும். எதிலும் பளபளப்பு இல்லை. நின்றிருந்த ஓட்டுநர்களிடம் நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம். விற்பனைக்கு எது இருக்கிறது என்று சொல்வதற்கு முன்பு, எதை வாங்கக் கூடாது என்று நால்வர் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் தம்முடைய வண்டியையே காட்டி, இதையும் வாங்காதீர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது என்றார். இரண்டு நாள் சமவெளியில் அலைந்த எங்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருந்தது.

அவர்கள் காட்டிய வழியில் செம்மநத்தம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். 1820களில் சேலத்தின் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் புகுத்தியதிலிருந்து, சில்வர் ஓக் மரத்தின் நிழலில் காப்பிச் செடியும், மரத்தைத் தழுவி மிளகுக் கொடியும் என்பதே இங்குள்ள தோட்டங்களின் அமைப்பு. காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாய். சிமென்ட் களத்தில் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன. இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு மணம் காற்றில் நின்றது. களத்தின் ஓரத்தில், தகரக் கொட்டகைக்குள், சாக்குகளுக்குப் பின்னால் அது நின்றது: மஹிந்திரா எம்.எம். 540, 1991ஆம் ஆண்டு வண்டி.

1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிக் கொடுப்பதில் தொடங்கிய மஹிந்திரா, எண்பதுகளில் பிரெஞ்சு நாட்டின் பியூஜோ டீசல் இன்ஜினை வைத்து இந்த வகையைக் கொண்டுவந்தது. 2,112 சி.சி., நான்கு உருளைகள். அதை முப்பது ஆண்டுகளாக ஓட்டும் பெரியவர் எங்களோடு கொட்டகைக்கு வந்தார். இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. வண்டியைத் தொடுவதற்கு முன்பே குறைகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது கியர் இறக்கத்தில் தானாக நழுவும். இடப்பக்க முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளில் சீல் போய் ஆயில் கசிகிறது. வலப்பக்கப் பின் ஸ்பிரிங்கில் மூன்றாவது பட்டை உடைந்திருக்கிறது. ஓட்டுநர் காலடித் தகடு இற்றுவிட்டதால் ஒரு பலகையைப் போட்டு வைத்திருக்கிறார். சிலிண்டர் ஹெட் ஒருமுறை இறக்கப்பட்டிருக்கிறது. ஏன் ஐயா இத்தனையும் முதலிலேயே சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நல்லது ஓட்டிப் பாத்தா தானாத் தெரியும் சாமி. கெட்டது நான் சொன்னாத்தானே உங்களுக்குத் தெரியும்?”

குளிரில் இரண்டு மாதமாக எடுக்காத வண்டி. இந்த இன்ஜினில் டீசல் நேரே உருளைக்குள் தெளிக்கப்படாமல், பக்கத்திலுள்ள சிற்றறைக்குள் தெளிக்கப்படும். ஆகவே குளிர்ந்த நிலையில் ஹீட்டர் பிளக் அந்த அறையைச் சூடாக்கிய பிறகே கிளப்ப வேண்டும். பெரியவர் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணினார். இருபது வரை எண்ணியிருப்பார். பிறகு சாவியை முழுவதும் திருப்ப, இரண்டு மூச்சு வெள்ளைப் புகையோடு இன்ஜின் பற்றிக்கொண்டது. கொட்டகையின் கூரை அதிர்ந்தது. பக்கத்தில் களத்தைத் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

அண்ணன் எடுத்த உடனே ஓட்டிப் பார்க்க விடவில்லை. முன்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப்பின் பூட்டைத் திருகி, சிறு கம்பியை ஃபோர் வீலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார். புரொப்பல்லர் ஷாஃப்ட் வரை விசை கட்டியிருந்ததால் சக்கரம் சிறிதளவு ஆடி நின்றுவிட்டது. கம்பியை விடுவித்ததும் சக்கரமும் ஷாஃப்டும் சேர்ந்து சுழன்றன. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் சக்கரம் திரும்ப அச்சாணியாக நிற்கும் கிங் பின்னின் தேய்மானத்தைப் பார்த்தார், இருக்கிறது, மிகையில்லை. பிறகு சேஸிஸ் முழுவதையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே ஓசை. அந்த ஓசைக்காகத்தான் நாங்கள் இத்தனை தூரம் வந்தோம்.

களத்துக்கு மேலே மிளகுக் கொடிகளுக்குப் போகிற மண்பாதை ஒன்று இருக்கிறது. நடந்தே ஏறுவதற்கு மூச்சு வாங்கும். பெரியவர் முன் அச்சைச் சேர்த்து, லோவில் போட்டார். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, இன்ஜினின் இழுவையை மேலும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெருக்கும். வேகம் அதே அளவு குறையும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இருகைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். வண்டி தன்பாட்டில், மாடு ஏறுவது போல, உதிர்ந்த இலைகளையும் உருளும் கற்களையும் மிதித்துக்கொண்டு மேலே போயிற்று. ஓரிடத்தில் பின்சக்கரம் ஈரமண்ணில் சறுக்கியபோது முன்சக்கரங்கள் இழுத்துக்கொண்டன. எனக்குக் கொள்ளிடக் கரை நினைவுக்கு வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரியவர் என் தந்தையின் பெயரைக் கேட்டுக்கொண்டார்.

இறங்கி வந்து சிமென்ட் களத்தை ஒட்டித் திருப்பும்போது, ஃபோர் வீலிலேயே ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துக் காட்டினார். வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திணறியது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் உருள வேண்டும். ஆனால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. மண்ணில் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். சிமென்டிலும் தாரிலும் வழுக்க இடமில்லாததால் அத்தனை முறுக்கும் ஷாஃப்டின் மூட்டுகளான கிராஸ்களிலும் பல்சக்கரங்களிலும் போய் ஏறும். சமவெளிக்காரர்கள் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டித்தான் பெட்டியை உடைக்கிறார்கள் என்று பெரியவர் வருத்தத்தோடு சொன்னார். அவருடைய வீட்டில் எங்களுக்குக் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் கிடைத்தன. பச்சை மொச்சையின் தோலை உரித்துப் பிதுக்கி, தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு. களியை அதில் தோய்த்து விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று அவருடைய மனைவி சொல்லிக் கொடுத்தார்.

மாலையில் ஏரிக்கரையில் கூட்டம் பொங்கி வழிந்தது. விடுதி அறைக்குச் சனிக்கிழமை விலை 2,200 ரூபாய். வெந்நீர் ஒரு வாளிக்கு மேல் கிடையாது. மிளகாய் பஜ்ஜி நான்கு 50 ரூபாய். இரவெல்லாம் கம்பளிக்குள் அண்ணன் வேண்டிய உதிரிகளின் பட்டியலைச் சொல்லிக்கொண்டே இருந்தார்: நக்கிள் சீல், கிங் பின் பேரிங், ஸ்பிரிங் பட்டை, இரண்டாவது கியரின் சின்க்ரோ வளையம். தரைத் தகட்டைத் தம்முடைய பட்டறையிலேயே வளைத்துத் தருவதாகச் சொன்னார்.

ஜனவரி 21, 2024, ஞாயிறு – ஏற்காடு, குப்பனூர் வழி

தோட்டத்தின் உரிமையாளர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். வண்டி அவருடைய கணவர் பெயரில் இருக்கிறது. அவர் 2019இல் காலமாகிவிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து வந்த பதிவு 2021இல் முடிந்தது. கணவர் போனபின் அதைக் கவனிக்க ஆளில்லை. விலையாக 1,75,000 ரூபாய் கேட்டார். பேரம் பேச வாயெடுத்த என்னை அண்ணன் பார்த்த பார்வையில் நான் நிறுத்திக்கொண்டேன். நியாயமான விலை அது.

ஆர்.சி. புத்தகத்தை ஒரு பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். கையெழுத்தில் நிரப்பப்பட்ட பழைய புத்தகம். முந்தைய நாளே பார்த்திருக்க வேண்டிய ஒன்றை இப்போதுதான் பார்த்தோம்: சேஸிஸில் பொறித்த எண். கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு துருவை நீக்கி, மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டிப் பென்சிலால் தேய்த்து எடுத்தோம். எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்து வந்தன. கடைசிக்கு முந்தைய எண் 3. புத்தகத்தில் அது மூன்றா எட்டா என்று தெரியாதபடி மை பரவியிருந்தது. செல்பேசியில் வாகனப் பதிவுத் தளத்தைத் திறந்து பார்த்தால், அரசுப் பதிவில் 8 என்று ஏறியிருந்தது. கையெழுத்துப் புத்தகத்திலிருந்து கணினிக்கு ஏற்றிய காலத்தில் நேர்ந்த பிழையாகவே தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எதுவும் நடக்காது. எண் ஒத்துப்போகாத வண்டிக்கு ஆய்வாளர் கையெழுத்திட மாட்டார்.

அண்ணன் தாளில் வரிசையாக எழுதினார். முதலில் எண்ணைத் திருத்தும் விண்ணப்பம். அடுத்து வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து அம்மையாரின் பெயருக்கு மாற்றம். பிறகு படிவம் 25இல் பதிவைப் புதுப்பித்தல். 2022 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட அதற்கான கட்டணம் அப்போது 5,000 ரூபாயாக இருந்தது, பசுமை வரி தனி. அதற்கெல்லாம் பிறகுதான் படிவம் 29, 30 வழியாக என் பெயருக்கு வரும். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டி இன்னொன்றைச் செய்ய வழியில்லை.

வேறு யாரும் வாங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் நான் 25,000 ரூபாயை முன்பணமாக எடுத்து வைத்தேன். அம்மையார் அதைத் தொடவில்லை.

“எண் சரியாகிற வரைக்கும் இது விக்கிற வண்டியே இல்ல தம்பி. விக்காத பொருளுக்கு நான் எப்படிப் பணம் வாங்குவேன்? நீங்க எழுதிக் கொடுத்ததை நானே கொண்டுபோய்ப் பாக்கிறேன். சரியானா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன்.”

நான் இருமுறை வற்புறுத்தியும் அவர் இசையவில்லை. மாறாக, தோட்டத்தில் விளைந்த காப்பிக்கொட்டை ஒரு கிலோவை வறுக்காமல் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். அதற்கு 400 ரூபாயை எண்ணிப் பெற்றுக்கொண்டார். பென்சிலால் எடுத்த தாளில் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை என் நாட்குறிப்பில் மடித்து வைத்துக்கொண்டேன்.

இறங்குவதற்குக் காய்கறி ஏற்றிய ஒரு வேன் கிடைத்தது. அது கொட்டச்சேடு, குப்பனூர் வழியே அயோத்தியாப்பட்டணம் போகிறது. கிளம்புமுன் கொட்டகைக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தேன். பெரியவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். பேட்டரியின் இணைப்பைக் கழற்றித் துணியால் துடைத்து, ஒரு பலகையின்மேல் எடுத்து வைத்திருந்தார். நக்கிளுக்கு அடியில் கசிகிற ஆயிலுக்கு ஒரு கொட்டாங்குச்சியை வைத்துவிட்டு, தார்ப்பாயின் மறுமுனையைப் பிடிக்கும்படி என்னைக் கூப்பிட்டார். இருவருமாக இழுத்து மூடிக் கயிறு கட்டினோம்.

பிப்ரவரி 12, 2024, திங்கள் – திருச்சி

இன்று காலை அம்மையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. அலுவலகத்தில் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் 3 என்று தெளிவாக இருக்கிறதாம். திருத்த ஆணைக்குக் கோப்பு மேலே போயிருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் கையெழுத்திட வெளியூரிலுள்ள இளைய மகன் மாசி மாதத்தில் வருகிறார். கொட்டாங்குச்சி நிரம்பி, பெரியவர் இரண்டாவது ஒன்றை வைத்திருக்கிறாராம். அண்ணனுக்குச் சொன்னேன், அவர் தரைத் தகட்டுக்கு அளவு கேட்டார்.